போர்ட்டை 443-க்கு மாற்றினால் போதுமா?

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்டாக் ஆடிட்டுக்கு மில்லுக்குப் போனால், அங்கிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் மூலம் எங்கள் அலுவலக கம்ப்யூட்டரைத் திறந்து டேலியில் பதிவு செய்வேன். போன் ஹாட்ஸ்பாட்டில் உடனே இணைகிறது. ஒரு மில்லின் வைஃபையில் மட்டும் இணையவே மாட்டேன் என்கிறது. அதே வைஃபையில் டீம்வியூவர் ஓடுகிறது. எங்கள் ரௌட்டரில் 3389 என்ற போர்ட் எண்ணை 443 ஆக மாற்றச் சொல்கிறார் நண்பர். மாற்றலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம்.

ஹாட்ஸ்பாட்டில் இணைகிறது என்றால் உங்கள் அலுவலகப் பக்கம் பழுது இல்லை. அந்த மில்லின் ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல்காரன்), வெளியே போகும் போர்ட்டுகளில் (எண் போட்ட வாசல்கள்) 80, 443 போன்ற சிலவற்றை விட்டு மற்றதை அடைத்திருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் போவது 3389-இல். டீம்வியூவர் முதலில் 5938-ஐ முயலும். அது அடைபட்டிருந்தால் 443, அதுவும் முடியாவிட்டால் 80. அதனால்தான் அது ஓடுகிறது.

நண்பர் சொன்ன வழி, எண்ணை மட்டும் பார்க்கிற பழைய ஃபயர்வாலில் பலிக்கும். இப்போது வருகிறவை பல, உள்ளே போகும் டேட்டாவையும் பார்க்கின்றன. வெப்சைட்டுகள் 443-இல் பயன்படுத்தும் உண்மையான ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் முதல் பைட்டின் மதிப்பு 22. ரிமோட் டெஸ்க்டாப்பில் அது 3. போதாததற்கு, அந்த முதல் பாக்கெட்டிலேயே உங்கள் யூசர்நேமின் முதல் சில எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே திறந்தபடி போகும். என்கிரிப்ஷன் (டேட்டாவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) தொடங்குவது அதற்கு அப்புறம்தான். 443-இல் அனுப்பினாலும், இது வெப்சைட் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் ரௌட்டரைப் பற்றித்தான். 3389-ஐ ஃபார்வர்டு செய்து, அதாவது வெளியிலிருந்து அதில் வருவதை நேராக அலுவலக கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி வைத்திருப்பதால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் லாகின் திரைவரை வரலாம். இன்றே அந்த கம்ப்யூட்டரில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து, 4625 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அவை. 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டெஸ்ட்', 'யூசர்' என்று உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களில் வரிசையாக நிற்கும். 443-க்கு மாற்றினால் இது குறையாது. இணையத்தில் ஸ்கேன் செய்கிறவர்கள் விடாமல் தட்டிப் பார்க்கும் போர்ட்டுகளில் அதுவும் ஒன்று. 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய விட்டது. ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) கொடுத்தது என்றால், எவ்வளவு ஆபத்தாக நினைத்திருப்பார்கள் பாருங்கள். அந்த கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் கணக்கு மட்டுமில்லை, உங்களை நம்பிக் கொடுத்த அத்தனை கிளையன்ட்டுகளின் கணக்கும்.

முதலில் அந்த ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். பிறகு அலுவலக கம்ப்யூட்டரிலும் உங்கள் லேப்டாப்பிலும், இரண்டையும் ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போடுங்கள். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய் இணைவதால், ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நேரடி வழி கிடைத்தால் யூடிபி என்ற முறையில் போகும். இல்லையென்றால் 443 வழியாக ரிலேயில் (நடுவில் நின்று கடத்திவிடும் சர்வர்) போகும். ரிலேயில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், டேலிக்கு அது தடையில்லை. உங்கள் ஆடிட்டரிடம் விண்டோஸ் சர்வர் இருந்தால், ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே இன்னும் முறையான வழி. அது நிஜமாகவே ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள் வைத்து 443-இல் அனுப்புகிறது. இரண்டு அடுக்கு லாகினையும் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் அந்த வைஃபை மில்லுடையது. அவர்கள் கணக்கைச் சரிபார்க்கப் போகிற நாமே அவர்கள் போட்ட தடையைச் சொல்லாமல் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் ஐடி ஆளிடம் கேளுங்கள்: எந்த லேப்டாப்பிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்த போர்ட், எத்தனை மணிவரை என்று ஒரு மெயில் போட்டால் போதும். குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். மறுத்தால் உங்கள் ஹாட்ஸ்பாட் இருக்கவே இருக்கிறது. டேலி திரைக்கு அதிக டேட்டா செலவாகாது.

கேள்வி: வீட்டு ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வெளியிலிருந்து வீட்டு கம்ப்யூட்டருக்கு இணைய முடியவில்லை. வேறு வேறு எண்களை மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ரௌட்டரின் வான் (WAN, அதாவது இணையப் பக்கத்து) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வருவது உங்கள் ரௌட்டர்வரை வந்து சேராது. எந்த எண் போட்டாலும் பயனில்லை. மேலே சொன்ன டெய்ல்ஸ்கேல் இங்கேயும் வேலை செய்யும். விண்டோஸ் எந்தப் பதிப்பு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஹோம் பதிப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியே போகலாம், அதற்குள் வர முடியாது.