மீதி 5 என்றால் விடை ஏன் 7?

கேள்வி: −17π/6 ரேடியன் கோணத்தின் முடிவுப் பக்கத்திலேயே வந்து நிற்கும் கோணத்தை 0 முதல் 2π வரைக்குள் காணச் சொல்லியிருந்தார்கள். 17-ஐ 12-ஆல் வகுத்து, மீதி 5 என்பதால் 5π/6 என்று எழுதினேன். இரண்டுக்கும் கொசைன் மதிப்பு −√3/2 என்றே வருகிறது. ஆனால் விடைப் பக்கத்தில் 7π/6 என்று இருக்கிறது. என் தவறு எங்கே?
– பிளஸ் ஒன் மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் 12-ஆல் வகுத்தது சரியே. ஒரு முழுச் சுற்றான 2π-ஐ, கணக்கில் உள்ள பகுதியான 6-ஐக் கொண்டு எழுதினால் 12π/6 ஆகிறது. எனவே தொகுதியில் 12-ஐ எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் முடிவுப் பக்கம் இடம் மாறுவதில்லை. பகுதி 4 ஆக இருந்தால் 8-ஐயும், 3 ஆக இருந்தால் 6-ஐயும் கூட்டிக் கழிக்க வேண்டும்.

வகுக்கும்போது குறைக் குறியை (−) கழற்றி வைத்த நீங்கள், மீதியில் அதைத் திரும்பப் போட மறந்துவிட்டீர்கள். −17 உடன் 12 கூட்டினால் −5, இன்னொரு 12 கூட்டினால் 7. கடிகாரத்தில் 12 மணியிலிருந்து 5 மணி நேரம் பின்னோக்கிப் போனால் 7 மணிக்குத்தானே வந்து சேர்வோம்! (கோணங்களில் மிகைத் திசை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்றாலும் கணக்கு மாறாது.)

கொசைனை வைத்துச் சரிபார்த்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. 5π/6 இரண்டாம் கால்பகுதியிலும் 7π/6 மூன்றாம் கால்பகுதியிலும் x அச்சுக்கு மேலும் கீழுமாகச் சமதூரத்தில் இருப்பதால், அவற்றின் கொசைன் ஒன்றாகவே இருக்கும். சைன் மதிப்பையும் பார்த்திருந்தால், முன்னதற்கு 1/2, பின்னதற்கு −1/2 என்று உடனே வெளிப்பட்டிருக்கும். கொடுக்கப்பட்ட கோணத்தின் சைன் −1/2 என்பதால் 5π/6 விடையாக இருக்க முடியாது. சைன், கொசைன் இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவுப் பக்கம் ஒன்று என்று கொள்ளலாம். டேன்ஜெண்டை நம்பவே வேண்டாம், அது அரைச் சுற்றுக்கே பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும்.

π இல்லாமல் வெறும் எண்ணாக, எடுத்துக்காட்டாக 100 ரேடியன் என்று கேட்டாலும் முறை இதுவே. பழக்கத்தில் 360-ஐக் கழிப்பவர்களும் உண்டு. இங்கே கழிக்க வேண்டியது 6.2832-இன் மடங்கு. 100-க்குள் 15 முழுச் சுற்றுகள் அடங்கும். அவற்றை நீக்கினால் ஏறத்தாழ 5.752 ரேடியன் எஞ்சும், அது நான்காம் கால்பகுதி. இதில் π-க்கு 3.14 என்று போட்டால் அந்தச் சிறு பிழை 15 சுற்றுகளிலும் சேர்ந்துகொண்டே போய், விடை 5.8 ஆகிவிடும்.