குளிர் நாடுகளில் ஒயின் திராட்சைக்கு வானிலையும் காலநிலையும் என்ன செய்கின்றன?

வானிலை என்பது இன்றைக்கு நடப்பது, காலநிலை என்பது 30 வருடமாவது பார்த்து ஓர் ஊரைப் பற்றிச் சொல்வது. வேலூரில் கத்திரி வெயில் கொளுத்தும் என்பது காலநிலை. அதே மே மாதம் ஒரு சாயங்காலம் திடீரென்று மழை கொட்டினால் அது வானிலை.

எந்த ரகம் நடலாம் என்பதைக் காலநிலை முடிவு செய்கிறது. ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 50 டிகிரி வடக்கில் இருக்கிறது, நம்ம வேலூர் இருப்பது 13 டிகிரியில். அங்கே வெயில் குறைவு என்பதால் பழத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, புளிப்பும் சீக்கிரம் இறங்குவதில்லை, அந்தப் புளிப்புதான் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகத்து ஒயினுக்கு உயிர். கிடைக்கிற வெயிலை வீணாக்காமல் தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில் நடுகிறார்கள். அங்குள்ள ஸ்லேட் கற்கள் பகலில் சூடேறி ராத்திரியில் அந்தச் சூட்டை விடும், நம்ம மொட்டைமாடித் தரை ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடுமே, அதே மாதிரி.

சரி, அந்த வருடம் விளைச்சல் வருமா? அது வானிலை கையில். மாமரம் பூத்திருக்கும்போது மழை பிடித்தால் குடியாத்தம் பக்கம் பூ கருகிக் கொட்டும் இல்லையா, அதே மாதிரி குளிர் நாடுகளில் ஏப்ரல் துளிர்மேல் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், துளிர் கருகிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்சில் அப்படித்தான் பெரும் சேதம். இப்படிப்பட்ட இரவுகளில் பிரான்சின் ஷாப்ளி ஊர்த் திராட்சைத் தோட்டங்களில் கொடி வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி, விடிய விடியக் காவல் இருப்பார்கள்.

குளிர்காலக் கடுங்குளிர்தான் கொடியைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் கொடி மைனஸ் 15 டிகிரியைக்கூடத் தாங்கும், துளிர்விட்ட கொடியைக் கருக்க மைனஸ் 2, 3 டிகிரியே போதும்.