ஜனநாயகம், இனவெறி, சமூக நெருக்கடி பற்றிப் பொதுமக்களுக்கான உரைத்தொடரை எப்படி நடத்துவது?

பேராசிரியர்கள் பேசுவார்கள், கேட்பவர்கள் துறைக்கு வெளியே இருப்பவர்கள், மொத்தம் ஆறு உரைகள், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான குழுக்கள் பேச்சாளரிலிருந்து தொடங்குகின்றன. கோணல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பெரிய பெயர் ஒன்று கிடைத்ததும் தலைப்பை அவரிடமே விட்டுவிடுவார்கள்; ‘ஜனநாயகத்தின் எதிர்காலம்’ என்று ஒன்று வரும். அதன் கீழ் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்பதால் குறிப்பாக எதுவும் பேசப்படாது.

முதலில் ஆறு கேள்விகளை எழுதுங்கள், ஆளைப் பிறகு தேடுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் இடம், ஒரு காலம், ஒரு வினைச்சொல் இருக்கட்டும். ‘ஜனநாயகமும் நீதித்துறையும்’ என்பது கேள்வி அல்ல. ‘2010க்குப் பிறகு ஹங்கேரியில், தேர்தல் நடந்துகொண்டே இருக்கும்போது, நீதிமன்றங்கள் எப்படிப் பலமிழந்தன?’ என்பது கேள்வி. இப்படிக் கேட்டால்தான் அரசமைப்பு நீதிமன்றத்தின் இருக்கைகள் 11இலிருந்து 15 ஆனதும், நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62க்கு இறக்கியதும் பேச்சுக்குள் வரும். எல்லாம் சட்டம் இயற்றியே, நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு நடந்தது என்ற சங்கடமும் கூடவே வரும். கேட்பவர் அந்தச் சங்கடத்தோடு வீட்டுக்குப் போனால் உரை வேலை செய்திருக்கிறது.

‘நெருக்கடி’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்க ஆசைப்படும் பேச்சாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எப்போதிலிருந்து? யாருக்கு? எதோடு ஒப்பிட்டு? பதில் இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம், நஷ்டமில்லை.

தமிழில் பேசுவதாக இருந்தால் அதிக உழைப்பைக் கேட்பது சொற்கள்தான். நாம் ‘இனம்’ என்ற ஒரே சொல்லை உடல் தோற்றத்தால் பிரிக்கப்பட்ட மக்களுக்கும், மொழியால் அமைந்த மக்களுக்கும், தேசிய இனத்துக்கும், ஏன், உயிரினத்துக்கும்கூடப் பயன்படுத்துகிறோம். பேச்சாளர் அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசும்போது கேட்பவர் மனதில் மொழி இனம் ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல ‘இனவாதம்’ என்றால் இலங்கைத் தமிழ் வாசகருக்குப் பேரினவாத அரசியல், அதாவது பெரும்பான்மை இனத்தின் ஆதிக்க அரசியல். மற்ற இடங்களில் இனப்பாகுபாட்டைக் குறிக்க ‘இனவெறி’, சில வேளை ‘நிறவெறி’. தென்னாப்பிரிக்காவின் சட்டபூர்வ ஒதுக்கலையும் தெருவில் ஒருவர் சொல்லும் வசைச்சொல்லையும் ‘நிறவெறி’ என்றே எழுதுகிறோம். முதலாவது அரசு அமைப்பு, இரண்டாவது தனிநபர் நடத்தை. இந்த வேறுபாடு தெளிவாகாவிட்டால் கேள்வி நேரம் முழுக்க ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்ற தன்னிலை விளக்கங்களாகப் போய்விடும்.

ஆகவே ஐந்தாறு சொற்களுக்கு ஒரு பக்க அளவில் பொருள் எழுதி நுழைவாயிலில் கொடுங்கள். ‘இனம்’ என்பதற்கு 1950இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை நல்ல தொடக்கம். அது இனத்தை உயிரியல் நிகழ்வு என்பதைவிடச் சமூகக் கட்டுக்கதை என்றது. மரபியலாளர்களும் உடல்சார் மானிடவியலாளர்களும் ஆட்சேபித்ததால் 1951இல் இரண்டாவது அறிக்கை வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அறிவியல் கருத்து எப்படித் திருத்தப்படுகிறது என்பதும் புரியும். ‘சாதி இதில் வருமா?’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். 1965இல் ஏற்கப்பட்ட ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் வரையறையில் நிறம், இனத் தோற்றம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’யும் உண்டு, 2002இல் அதன் கண்காணிப்புக் குழு அந்தச் சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று விளக்கியது. இந்திய அரசு அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பேச்சாளர் இதற்குத் தயாராக வரட்டும்.

அழைப்புக் கடிதம் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே போக வேண்டும். கேள்வி, கேட்பவர்கள் யார், எத்தனை நிமிடம், மதிப்பூதியம், பயணச் செலவு, பதிவை யார் எங்கே வெளியிடலாம் என்பவற்றோடு இன்னொரு வரியும் அவசியம்: உரையின் உள்ளடக்கத்தில் குழு கைவைக்காது. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு தன் 1936 மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்துவிட்டு, உரையின் அச்சுப் படியைப் பார்த்ததும் மாற்றச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடே நின்றது, உரையை அவரே சொந்தச் செலவில் வெளியிட்டார். இன்று அந்த மண்டலின் பெயர் நினைவில் இருப்பதே அந்த உரையால்தான்! உள்ளடக்கத்தில் பயம் இருந்தால் அழைக்கும் முன்பே பயந்துகொள்ளுங்கள்.

உரை 40 நிமிடம், கேள்வி 40 நிமிடம். வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து 3 நிமிடம் போதும்; வாழ்த்துரை வேண்டவே வேண்டாம். ஸ்லைடு பதினைந்துக்கு மேல் போனால் பேச்சாளர் திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். ஜனநாயகத் தரவரிசை வரைபடம் வந்தால் அது யாருடைய கணக்கு என்று ஸ்லைடிலேயே எழுதச் சொல்லுங்கள். நாடுகளின் ஜனநாயகத்தை மதிப்பிடும் அமைப்புகளில் ஃப்ரீடம் ஹவுஸ் 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது, எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 0 முதல் 10 வரை. வி-டெம் நாட்டு வல்லுநர்களின் மதிப்பீடுகளைப் புள்ளியியல் மாதிரியில் இணைக்கிறது. மூன்றிலும் மனிதத் தீர்ப்பு கலந்திருக்கிறது. அதை வெப்பமானி அளவு போலக் காட்டினால், விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து உரை முழுவதையும் சாய்த்துவிடுவார்.

உரை முடிந்த உடனே கைதூக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பேசத் தயாராக வந்தவர்கள்தான் முதலில் தூக்குவார்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டால் தயங்குபவருக்கும் கேள்வி உருவாகும். பாதி நேரத்துக்கு எழுதிக் கொடுத்த கேள்விகள், பாதி நேரத்துக்கு நேரடிக் கேள்விகள் என்று வையுங்கள். சீட்டுகளை இரண்டு பேர் பிரித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து நெறியாளரிடம் தரட்டும். முழுக்கச் சீட்டு என்றால் கோபமான கேள்விகள் மழுங்கி, வடிகட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் வரும்; முழுக்க மைக் என்றால் மூன்று பேர் குட்டி உரை ஆற்றிவிடுவார்கள். மைக்கைத் தன்னார்வலர் கையில் பிடித்துக்கொண்டே நீட்ட வேண்டும், கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை குறையும்.

யாராவது குறுக்கிட்டுக் கத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நெறியாளர், பேச்சாளர் அல்ல. கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்பு தருவதாக ஒருமுறை சொல்லலாம். சொன்னபடி தரவும் வேண்டும். அடுத்தது வெளியேறும்படி எச்சரிக்கை. அதற்கும் அடங்காவிட்டால் மைக்கை அணைத்து இடைவேளை.

இனவெறி உரைகளில் நல்ல எண்ணத்தோடு நடக்கும் ஒரு தவறு உண்டு: பாதிக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவர் அரங்கில் இருப்பதைப் பார்த்து, ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்’ என்பது. அவர் கேட்க வந்தவர், சாட்சி சொல்ல வந்தவர் அல்ல. இன்னொன்று, ‘இரு தரப்பும்’ என்ற பெயரில் இனவெறியே இல்லை என்பவரை எதிர்நாற்காலியில் உட்காரவைப்பது. காரணங்களையும் தீர்வுகளையும் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே போதுமான சண்டை இருக்கிறது, அப்படி மாறுபடும் இருவரை உட்காரவையுங்கள்.

கடைசியாகப் பதிவு. பேச்சாளருக்குக் காலர் மைக், கூடவே மேசையில் தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி. கேள்வி கேட்பவரின் குரல் பதிவில் விழாமல் போவதுதான் வழக்கமான குறை. நெறியாளர் ஒவ்வொரு கேள்வியையும் சுருக்கித் திரும்பச் சொன்னால் அது சரியாகிவிடும். வெட்டித் தொகுக்காத மூல ஒலிக்கோப்பை இரண்டு இடங்களில் வைத்திருங்கள். பதிவு எப்போது பயன்படும் என்று சொல்ல முடியாது: புதிய வலதுசாரித் தீவிரவாதம் பற்றி ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோ 1967இல் வியன்னாவில் மாணவர்கள் அழைத்துப் பேசிய உரை, ஒலிநாடாவில் கிடந்து, 2019இல்தான் புத்தகமாக வந்தது.