கேளுங்கள், சொல்கிறேன்: ஆள் ஒன்று, நாற்காலி மூன்று

*எங்கள் ஊர் அலுவலகத்தில் அதிகாரியின் பெயர்ப் பலகையில் 'மு.கூ.பொ.' என்று எழுதியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். ஒரே அதிகாரி பல பதவிகளில் இருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன?*
(வாசகி, தாராபுரம்)

முழு கூடுதல் பொறுப்பு என்பதன் சுருக்கம் அது. அலுவலகத்துக்குள் 'எஃப்.ஏ.சி.' என்போம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் அதிகாரி இப்படித்தான் மூன்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர், பெயர் வேண்டாம். மூன்று ரப்பர் ஸ்டாம்பையும் ஒரு இங்க் பேடையும் மஞ்சள் பையில் போட்டு டபேதார் கூடவே தூக்கிக்கொண்டு போவார். ஒரு சமயம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு செலவினத்துக்கு மேலிட அனுமதி தேவைப்பட்டது. அந்த மேலிடமும் அவரே! அனுப்புநர் இடத்தில் அவர் பதவி, பெறுநர் இடத்திலும் அவர் பதவி. 'பார்வையில் காணும் கடிதத்தில் கோரியவாறு அனுமதி வழங்கப்படுகிறது' என்ற பதிலையும் நானே டைப் அடித்தேன். காலையில் போன கடிதத்துக்குச் சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது. என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக ஒரு கோப்பு நகர்ந்து பார்த்ததில்லை.

மனிதர் நல்லவர். ஒரு பைசா தொடமாட்டார். கூடுதல் நாற்காலிகளை அவர் கேட்டு வாங்கவும் இல்லை. அந்த இடங்கள் காலியாகக் கிடந்தன, அவர் தலையில் கட்டினார்கள். அதனால் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால், காலியிடத்தை நிரப்பாதவரை, உங்களுக்கு அந்த இரண்டு நாளும் போய்விடும். ஆனால் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒருவராக இருப்பது வேறு விஷயம். அதற்குத் தடை வேண்டும். நாள் கணக்கில்கூட விலக்கு தரக் கூடாது என்பேன்.

*அப்படி எங்காவது தடுத்திருக்கிறார்களா?*
(வாசகர், மன்னார்குடி)

கோவாவில். 2020 நவம்பரில் அந்த மாநில அரசு, தன் சட்டத் துறைச் செயலாளரிடமே மாநிலத் தேர்தல் ஆணையர் பொறுப்பையும் கூடுதலாகக் கொடுத்தது. உள்ளாட்சித் தேர்தலை நடுநிலையாக நடத்த வேண்டியவர், ஆளும் அரசிடம் சம்பளம் வாங்கும் செயலாளர்! நகராட்சி வார்டு ஒதுக்கீட்டுக் குளறுபடி நீதிமன்றத்துக்குப் போனபோது இதுவும் சேர்ந்து வெளியே வந்தது. 2021 மார்ச் 12 அன்று நீதிபதி நாரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மத்திய அல்லது மாநில அரசுப் பணியில் இருப்பவர் யாரும் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கோவாவுக்கு மட்டுமல்ல, எல்லா மாநிலங்களுக்கும்.

*ஆளுநர் மட்டும் இரண்டு மாநிலங்களைப் பார்க்கலாமோ?*
(வாசகர், விருதுநகர்)

பார்க்கலாம். 1956இல் ஏழாவது திருத்தம் அதற்கு வழி செய்தது. தமிழிசை சௌந்தரராஜன் தெலங்கானா ஆளுநராக இருந்துகொண்டே 2021 பிப்ரவரியிலிருந்து புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பையும் பார்த்தார்.

அதைவிட நமக்கு மறக்காதது வித்யாசாகர் ராவ் காலம். மகாராஷ்டிர ஆளுநரான அவரிடம் 2016 செப்டம்பரில் தமிழ்நாடும் கூடுதலாக வந்தது. ஓராண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. அந்த ஓராண்டுக்குள்தான் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 5 அன்று பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார், அன்றே சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார். ஆளுநர் சென்னையில் வந்து இறங்கியது 9ஆம் தேதி. நடுவில் விவகாரம் எங்கெங்கோ போய்விட்டது. தாமதத்துக்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: கிண்டியில் நிரந்தரமாக ஒருவர் இருந்திருந்தால், 'எப்போது வருவார்' என்ற கேள்வியே எழுந்திருக்காது. மு.கூ.பொ. என்றால் தாராபுரத்தில் ஒரு சான்றிதழ் நிற்கும், சென்னையில் ஒரு அரசாங்கமே நிற்கும்.

*சம்பளம் வாங்காமல் இன்னொரு பதவியில் இருந்தால் தப்பா?*
(வாசகி, கோவில்பட்டி)

ஜெயா பச்சனும் அப்படித்தான் கேட்டார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபடியே உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதைத் தொடவே இல்லை என்றார். 2006இல் எம்.பி. பதவி பறிபோனது. வாங்கினாரா என்பது கேள்வியல்ல, வாங்க இடமிருந்ததா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எம்.பி.யாக இருப்பவர் அரசின்கீழ் வகிக்கக் கூடாத 'ஆதாயம் தரும் பதவி' என்ற சொல் அந்த ஆண்டு டீக்கடை வரை வந்தது. தேசிய ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த சோனியா காந்தி எம்.பி. பதவியையும் விட்டு, ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார். பிறகு பல பதவிகளுக்கு விலக்கு அளித்து, அதுவும் 1959 முதல் முன்தேதியிட்டு, ஒரு மசோதா நிறைவேறியது. அப்துல் கலாம் மே மாதம் அதைத் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் மறுபடி நிறைவேற்றி அனுப்பின. இரண்டாவது முறை வந்தால் குடியரசுத் தலைவர் மறுக்க முடியாது. ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

*வெளிநாடுகளில்?*
(வாசகர், ஓசூர்)

பிரான்ஸைச் சொல்லலாம். ஜாக் சிராக் 1986 முதல் 1988 வரை நாட்டின் பிரதமர், அதே நேரத்தில் பாரிஸ் மேயர்! அங்கே அப்போது அது சர்வ சாதாரணம். எம்.பி.க்கள் மேயராகவும் இருக்கக் கூடாது என்று 2014இல்தான் சட்டம் போட்டார்கள், 2017இல் அமலுக்கு வந்தது.

*இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எத்தனை பொறுப்பு?*
(வாசகர், பழனி)

கேள்வி பதில் ஒன்றுதான். ராசிபலன் எழுதுபவர் லீவில் போனபோது, 'ஒரு வாரம் மட்டும் கூடுதலாகப் பாருங்கள் சார்' என்று ஆசிரியர் கேட்டார். என் ராசிக்கு நானே பலன் எழுதிக்கொள்வேன், பரவாயில்லையா என்றேன். அப்புறம் அவர் பேச்செடுக்கவில்லை.