கிளைக் கணக்கை வரைபாக்கப் பழக்குதல்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் கணினித்துறை சாராத அலுவலர்களுக்கு, கணக்கை வரைபாக்கிக் காட்டும் மென்பொருட்களான பவர் பிஐ, லுக்கர் ஸ்டூடியோ பழக்கி வருகிறேன். என்னிடம் வந்த கேள்விகளில் சில.

சுன்னாகம், முகாமையாளர்: மூன்று நாள் வகுப்பு வைத்தோம். ஒரு கிழமையில் எல்லாரும் பழையபடி எக்ஸெலுக்கே போய்விட்டார்கள். ஏன் அண்ணை?

எந்தத் தரவை வைத்துப் பழக்கினீர்கள்? அமெரிக்கக் கடை ஒன்றின் மாதிரி விற்பனையாகத்தான் இருக்கும். வெங்காயம் நிறுக்கிறவருக்கு அது எதற்கு? அவரவர் கிளையின் போன மாதக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘எங்கே எந்தச் சரக்குத் தேங்கி நிற்கிறது?’ என்ற ஒரு கேள்வியே முதல் வகுப்புக்குப் போதும். கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள், மூன்று நாளை ஒரேயடியாகத் திணிக்க வேண்டாம்.

நெல்லியடி: தமிழ்ப் பெயர்கள் ஏதோ ஆங்கில எழுத்தாகக் குழம்பி வருகின்றனவே?

எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு செய்கிற வேலை. பாமினியில் அடித்தது எங்கள் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. முதலில், கணினியும் தமிழென்றே அறிகிற யுனிகோடு முறைக்கு மாற்றுங்கள். அதோடு முடியாது. ‘சாவகச்சேரி’ ஓரிடத்திலும் ‘சாவகச்சேரி கிளை’ இன்னோரிடத்திலும் இருந்தால் ஒரே கிளைக்கு வரைபில் இரண்டு பட்டை வரும். கிளைப் பெயரைக் கையால் அடிக்க விடாமல், பட்டியலில் தெரிவு செய்ய வையுங்கள். திகதியையும் பாருங்கள்: ஏப்ரல் 3 என்று நாங்கள் எழுதுகிற 03/04 என்பதை அமெரிக்க அமைப்பு மார்ச் 4 என்று எடுத்துவிடும். பழக்குகிற நேரத்தில் பாதி இந்தத் துப்புரவுக்கே போகும். போகட்டும்.

கொக்குவில்: காசு இல்லாமல் எது?

பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லுக்கர் ஸ்டூடியோவுக்கு ஜிமெயில் கணக்கும் பிரவுசரும் போதும். டேப்லோ பப்ளிக் என்ற இன்னொரு இலவச மென்பொருளும் இருக்கிறது, ஆனால் அதில் ஏற்றியதை ஊரே பார்க்கலாம், அங்கத்தவர் கடன் விபரத்தை அதில் போட்டுவிடாதீர்கள்.

பருத்தித்துறை: எங்கள் எழுதுவினைஞர் அக்காவுக்கு மௌஸைக் கண்டாலே பயம். அவரை விட்டுவிடலாமா?

விடவே கூடாது. பக்கத்தில் ஒரு தம்பியை இருத்துங்கள், ஆனால் மௌஸ் அக்காவின் கையில்தான் இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் ஓகஸ்ட் மாதக் கருவாட்டுப் பட்டை உயர்ந்து நின்றது. பெடியள் நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருவர், “நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் பாதி ஊர் சைவம், கருவாடு இவ்வளவு போகாது” என்றார். தேடிப் பார்த்தால், ஒரே பில் இரண்டு தரம் பதிந்திருந்தது.