ஒரு விஎம்மை (மெய்நிகர் கணினி) தயார் செய்து, அதையே குளோன் (நகல்) எடுத்து குபர்நெட்டிஸ் நோடுகளாகப் பயன்படுத்தலாமா?

தாராளமாகச் செய்யலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். (குபர்நெட்டிஸ் என்பது கன்டெய்னர்களாகப் பொதிந்த செயலிகளைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்; அதில் சேரும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு, எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர்.) எந்தக் கட்டத்தில் நிறுத்திக் குளோன் எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கன்டெய்னர்டி (கன்டெய்னர்களை ஓட்டுவது), கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபர்நெட்டிஸ் ஏஜென்ட்), கியூப்அட்மின் (கிளஸ்டரை அமைக்கும் கருவி) மூன்றையும் நிறுவுங்கள். ஸ்வாப்பை (ராமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) அணையுங்கள்; எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பிலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரீபூட் ஆனதும் திரும்ப வந்து நிற்கும். இயல்புநிலை அமைப்பில் ஸ்வாப் இருந்தால் கியூப்லெட் கிளம்பாது. ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டுகளைக் கடத்துவது) இயக்குங்கள். கன்டெய்னர்டி, கியூப்லெட் இரண்டின் சிகுரூப் டிரைவரும் (சிபியு, ராம் வரம்புகளை நிர்வகிக்கும் முறை) சிஸ்டம்டி தானா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் பாட்கள் (குபர்நெட்டிஸ் ஓட்டும் கன்டெய்னர் தொகுப்புகள்) செத்துச் செத்துப் பிழைக்கும், காரணம் தேடியே நாள் போய்விடும்.

இதோடு நிறுத்துங்கள். கிளஸ்டரில் சேர்த்த பிறகு குளோன் எடுத்தால், ஒரே பெயரும் ஒரே சான்றிதழும் வைத்துக்கொண்டு இரண்டு கியூப்லெட்டுகள் ஒரே நோடுக்கு உரிமை கொண்டாடும்.

பலரும் கோட்டை விடுவது அடையாளத்தில். ஹோஸ்ட்நேம், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் முகவரி), ப்ராடக்ட் யுயுஐடி (கணினியின் தனி அடையாள எண்) மூன்றும் ஒவ்வொரு நோடிலும் வேறாக இருக்கவேண்டும். மேக் முகவரியையும் யுயுஐடியையும் பெரும்பாலான ஹைப்பர்வைசர்கள் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) குளோன் எடுக்கும்போதே மாற்றித் தரும், ஆனாலும் சரிபாருங்கள். மெஷின்-ஐடி கோப்பு (/etc/machine-id, லினக்ஸ் நிறுவலின் தனி அடையாளம்) டிஸ்குக்குள்ளேயே இருப்பதால் அப்படியே நகலாகிவிடும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி உள்ள லினக்ஸில் டிஎச்சிபிக்கு (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) தரும் அடையாளமே அதிலிருந்துதான் வருகிறது. மேக் வேறாக இருந்தும் இரண்டு விஎம்களுக்கு ஒரே ஐபி கிடைக்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். டெம்ப்ளேட்டை (குளோன் எடுக்கப்போகும் மூல விஎம்) மூடும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்குங்கள். அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிடுங்கள். மற்றதை கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் விஎம்மை அமைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும்.

சொந்தக் கணினியிலேயே விஎம் ஓட்டும் வேகிரன்ட், விர்ச்சுவல்பாக்ஸ் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே எல்லா விஎம்மிலும் முதல் நெட்வொர்க் கார்டுக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான். கியூப்லெட் அதையே நோடு ஐபியாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கார்டின் முகவரியை நீங்களே நோடு-ஐபி என்று குறிப்பிட வேண்டும். பாட் நெட்வொர்க்குக்கு 192.168.0.0/16 கொடுத்தால் விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டாவது கார்டுக்கு வழக்கமாகத் தரும் 192.168.56.0/24 அதற்குள்ளேயே விழும். வேறு வரம்பு கொடுங்கள்.

அளவு: கன்ட்ரோல் பிளேனுக்கு (கிளஸ்டரை நிர்வகிக்கும் நோடு) குறைந்தது 2 சிபியு, 2 ஜிபி ராம். அது பழகிப் பார்க்க மட்டும்தான், நான் 4 ஜிபிக்குக் கீழே போகமாட்டேன். எட்சிடி (கிளஸ்டரின் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம்) ஓடும் விஎம்முக்கு எஸ்எஸ்டி கொடுங்கள். ராமைவிட டிஸ்கின் தாமதம்தான் அதைப் படுத்தும். ஒரே சர்வரில் மூன்று கன்ட்ரோல் பிளேன் விஎம் வைத்துவிட்டு 'எச்ஏ' (ஒன்று போனாலும் நிற்காத அமைப்பு) என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்த சர்வர் போனால் மூன்றும் சேர்ந்தே போகும்.

பிறகு நோடு சேர்க்கும்போது பழைய ஜாயின் கட்டளை (kubeadm join) வேலை செய்யவில்லையென்றால் பதறவேண்டாம். அதில் உள்ள டோக்கனின் (சேர்வதற்கான அனுமதிச் சாவி) ஆயுள் இயல்பாக 24 மணி நேரம்தான், கன்ட்ரோல் பிளேனில் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.