பிளவு மூடிய பின் பின்தங்கும் மேல்தாடை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே இருந்த உதட்டுப் பிளவுக்கு நான்காவது மாதத்திலும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் இருந்த பிளவுக்குப் பதினோராவது மாதத்திலும் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால், புதிதாக முளைத்த மேல் முன்பற்கள், வாயை மூடினால் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்விடுகின்றன. ஒரு நூலைக்கூட அவனால் கடித்து அறுக்க முடியவில்லை. அவசரப்பட்டு அறுவை செய்ததால் வந்த வினை என்கிறார் உறவினர் ஒருவர். இப்போதே தாடையைச் சரிசெய்துவிடலாமா டாக்டர்?

பதில்: உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிளவை மூடாமலேயே வளர்ந்து பெரியவர்களானவர்களை இலங்கையில் ஆராய்ந்த மைக்கேல் மார்ஸ், 1990-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுடைய மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்ததைக் காட்டினார். அண்ணத்தின் சதையை இருபுறமும் பெயர்த்து நடுவில் சேர்த்துத் தைக்கும்போது, ஓரங்களில் எலும்பு சிறிது மூடப்படாமல் நிற்பதுண்டு. அந்த இடம் ஆறித் தழும்பாகிச் சுருங்குகையில், மேல்தாடையை முன்னோக்கியும் அகலவாக்கிலும் வளரவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கீழ்த்தாடைக்கு அந்தக் கட்டு இல்லை. அது தன் போக்கில் வளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று தோன்றும். அண்ணம் திறந்திருக்கும் குழந்தை, காற்று மூக்கு வழியே கசியக் கசியத்தான் பேசப் பழகுகிறது. ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அண்ணத்தை மூடிய குழந்தைகளை ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில், ஐந்து வயதில், பேசும்போது அண்ணம் மூக்குப் பாதையைப் போதுமான அளவு மூடாத நிலை முன்னவர்களில் 8.9 சதவீதமாகவும் பின்னவர்களில் 15 சதவீதமாகவும் இருந்தது. தாடையைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம், தவறாகப் படிந்த பேச்சைத் திருத்துவதோ பெரும்பாடு. ஆகவே உங்கள் மகன் தெளிவாகப் பேசுவதை நான் சின்ன விஷயமாகக் கருதமாட்டேன்.

தாடையை வெட்டி முன்னே கொண்டுவரும் லெஃபோர்ட் 1 அறுவையை இப்போது செய்ய வேண்டாம். பதின்பருவத்தில் கீழ்த்தாடை ஒரு பாய்ச்சல் வளரும். இன்று பொருத்திவைத்த கடி அன்று மறுபடியும் தலைகீழாகிவிடலாம் என்பதால், வளர்ச்சி நின்றதைப் பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகே, ஆண்களுக்குப் பெரும்பாலும் பதினெட்டு வயதையொட்டி, அதைச் செய்வார்கள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், வெட்டிய எலும்பை ஒரு கருவியால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நகர்த்தும் முறையும் உண்டு. தாடையோடு, அண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதியான மென்னண்ணமும் முன்னே வருவதால் மூக்கொலி கூடிவிடக்கூடும். ஆகவே அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் மதிப்பீடு செய்துகொள்வது அவசியம்.

ஆனால், இந்த வயதில் தவறவிடக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. ஈறு விளிம்பிலும் பிளவு இருந்தால், அந்த இடைவெளியில் பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை நிரப்புவார்கள்; கோரைப்பல் அந்தப் புதிய எலும்பின் வழியே இறங்கி வரும். பொதுவாக எட்டு முதல் பதினோரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், அதன் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும்போது இதைச் செய்வது நல்லது. மேல்வரிசை குறுகியிருந்தால் பல்சீரமைப்பு மருத்துவர் அதை முதலில் அகலப்படுத்துவார். சிலருக்கு மேல்தாடையை முன்னோக்கி இழுக்கும் முகக் கவசம் என்ற கருவியையும் இந்தப் பருவத்திலேயே பரிந்துரைப்பார். அடுத்த முறை போகும்போது, கோரைப்பல்லின் வேர் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள்.